ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் சென்சார்: எங்கிருந்து தொடங்குவது?

வேடசந்தூரான்:
வணக்கம். வேடசந்தூர் பக்கம் எங்கள் குடும்ப நூற்பாலையில் 24 ரிங் ஃபிரேம்கள் (நூல் நூற்கும் இயந்திரங்கள்) ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் 1,008 ஸ்பிண்டில்கள் (நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள்). பெரும்பாலும் 40-ஆம் நம்பர் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) கோம்ப்டு நூலை, அதாவது குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பஞ்சில் நூற்ற நூலைப், பின்னலாடைக்காகத் திருப்பூருக்கு அனுப்புகிறோம். ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் தனித்தனியாகக் கண்காணிக்கும் சென்சார்களை எல்லா ஃபிரேம்களிலும் பொருத்தி, அதற்கு மேல் செயற்கை நுண்ணறிவு மென்பொருளையும் வாங்கிவிடுமாறு ஒரு நிறுவனம் வற்புறுத்துகிறது. இந்த ஆண்டு எங்களால் ஒதுக்க முடிந்த தொகை 4 ஃபிரேம்களுக்குத்தான் போதும். "சைடர் கண்ணுக்குத் தெரியாததையா சென்சார் சொல்லப்போகிறது?" என்று அப்பா கேட்கிறார் (ஃபிரேம்களைச் சுற்றிவந்து அறுந்த நூலை ஒட்டும் தொழிலாளிதான் சைடர்). பொருத்தியவர்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஸ்பின்னிங் மாஸ்டர்:
அப்பா கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அறுந்த நூல் சைடர் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதே ஸ்பிண்டிலில் இந்த வாரம் எத்தனையாவது முறை அறுந்தது என்பது, ஷிஃப்டுக்கு ஒரு ஆள் மாறும் இடத்தில் யாருக்கும் நினைவிருக்காது. சென்சாருக்குக் கொடுக்கும் காசு அந்த நினைவுக்குத்தான்.

அறுதலை 1,000 ஸ்பிண்டில் மணிக்கு, அதாவது 1,000 ஸ்பிண்டில்கள் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு, இத்தனை என்று கணக்கெழுதுகிறோம். உங்கள் ஃபிரேமில் 1,008 ஸ்பிண்டில்கள் இருப்பதால், மணிக்கு 30 நூல் அறுந்தால் விகிதமும் ஏறக்குறைய 30தான். அந்த 30 ஃபிரேம் முழுக்கப் பரவலாக இருந்தால் பஞ்சு மிக்ஸிங்கையும் ரோவிங்கையும் (ஃபிரேமுக்குள் போகும் தடித்த பஞ்சுத் திரி) கூடத்தின் ஈரப்பதத்தையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட சில ஸ்பிண்டில்களிலேயே திரும்பத் திரும்ப விழுந்தால், தேய்ந்த ரிங் (ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள வளையம்), கிழிந்த ஆப்ரான் (பஞ்சுத் திரியை இழுக்கும் இடத்திலுள்ள சிறு பட்டை), மையம் விலகிய ஸ்பிண்டில் என்று அது ஃபிட்டரின் வேலையாகிவிடும். சராசரி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாமல், பஞ்சைக் குறை சொல்லி விலை கூடிய பேல்களை வாங்கிய ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கோவை மின்பொறியாளர்:
ஒன்று சேர்க்கிறேன். இந்த வகைச் சென்சார் கவனிப்பது நூலை அன்று, டிராவலரை. ரிங்கின் மேல் ஓடும் அந்தச் சிறு எஃகுத் துண்டு நின்றுவிட்டால் நூல் அறுந்ததாகப் பொருள். மற்றவற்றைவிட மெதுவாகச் சுற்றினால் அது வழுக்கும் ஸ்பிண்டில். பின்னதைத்தான் கண்ணால் பிடிப்பது கடினம். ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப் தளர்ந்து வேகம் குறையும்போது நூல் அறுவதில்லை, முறுக்கு மட்டும் குறைகிறது; துணியாகிச் சாயமேறிய பிறகு திருப்பூரிலிருந்து புகார் வரும்போதுதான் நமக்கே தெரியும்.

நான்கு ஃபிரேம்களையும் ஒரே நம்பர் ஓடுபவையாக, நன்றாக ஓடும் இரண்டு, தொல்லை தரும் இரண்டு என எடுங்கள். மென்பொருளை இப்போது வாங்க வேண்டாம். அதிகம் அறுக்கும் 20 ஸ்பிண்டில்களின் எண்களை ஷிஃப்ட் முடிவில் ஒரு தாளில் அச்சிட்டு ஃபிட்டர் கையில் கொடுத்தாலே மூன்று மாதத்துக்கு வேலை இருக்கும்.

மில் பணியாளர் அலுவலர்:
தயவுசெய்து அந்தத் தாளைச் சைடர்களின் மதிப்பெண் பட்டியலாக்கிவிடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஆலையில் அறுதல் எண்ணிக்கையைப் பெயர் சொல்லி வாசித்தார்கள். பழைய ஃபிரேம்களில் நிற்க ஒருவரும் முன்வரவில்லை. அறுதல் பெரும்பாலும் இயந்திரத்தின் கணக்கு. அறுந்ததைக் காட்டும் விளக்கு எரிந்ததிலிருந்து நூலைப் பிடித்து ஒட்டும் வரை ஆகும் நேரம்தான் சைடரின் கணக்கு, அதுவும் அவரிடம் எத்தனை ஃபிரேம்களை ஒப்படைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதுவரை ரோவிங் உறிஞ்சப்பட்டு நியூமாஃபில் (அறுந்த இடத்தில் பஞ்சை உறிஞ்சும் அமைப்பு) கழிவாகப் போய்க்கொண்டிருக்கும்.

வேடசந்தூரான்:
அனைவருக்கும் நன்றி. பட்டியலை அப்பாவிடம் காட்டுவதாக இருக்கிறேன், சைடர்களிடம் அல்ல. 4 ஃபிரேம்களுக்கு மட்டும் விலைப்புள்ளி கேட்டேன்; மென்பொருளை நீக்கினால் தொகை எவ்வளவு குறையும் என்பதை மட்டும் அவர்கள் இன்னும் தனியாக எழுதித் தரவில்லை.