இரு தாடையிலும் கட்டிகள்: கோர்லின் நோய்க்குறியாக இருக்குமா?

மதுரைவாசி:
பல்வரிசையைச் சீராக்குவதற்காக என் 13 வயது மகனுக்கு எடுத்த ஓபிஜி எக்ஸ்ரேயில் (இரு தாடைகளையும் பற்களையும் ஒரே படத்தில் காட்டுவது), கீழ்த்தாடையின் இருபுறமும் மேல்தாடையில் ஓரிடத்திலும் கட்டிகள் தெரிந்தன. பயாப்சியில் கெரட்டோசிஸ்ட் (தாடையெலும்பில் வரும் ஒருவகை நீர்க்கட்டி) என்று வந்துள்ளது. மருத்துவர் கோர்லின் நோய்க்குறி என்னும் மரபணு நோய் என்று ஐயுறுகிறார். அது தோல் புற்றுநோய் தொடர்பானது என்கிறார்கள். அவன் தோலிலோ எந்தக் குறையும் இல்லை, தாடையில் வலியும் இல்லை. அறுவை அவசியந்தானா?

பல்மருத்துவர்_கோவை:
வலியின்மையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இக்கட்டி எலும்பின் உட்பகுதி வழியாக நீளவாக்கில் பரவுவதால், முகம் வீங்குவதற்குள் தாடையில் பெரும்பகுதியை அரித்திருக்கும். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புற்றல்லாத திசுவளர்ச்சிக் கட்டிகளின் வரிசையில் சேர்த்து, 2017-இல் மீண்டும் நீர்க்கட்டி என்றே வகைப்படுத்தியது; ஆகவே பழைய கட்டுரைகளைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இதன் உறை மெல்லியது, எளிதில் கிழிவது. சுற்றிலும் சேய்க்கட்டிகளும் இருக்கக்கூடும். வெறுமனே தோண்டியெடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். பெரிய கட்டியாக இருந்தால் முதலில் துளையிட்டு வடியவிட்டுச் சுருக்கி, பிறகு அகற்றுவதும் உண்டு. வளரும் பற்களைக் காக்க அது உதவும்.

மரபியல்_ஆலோசகர்:
மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். தோலையும் தாடையையும் இணைப்பது 9-ஆம் குரோமோசோமில் உள்ள பிடிசிஎச்1 மரபணு. செல் பெருக்கத்தைத் தூண்டும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞைக்கு அது தடையாக இருப்பது. அது பழுதானால் தோலில் பேசல் செல் புற்றும் (தோலின் அடியடுக்கு செல்களில் வரும் புற்று), பல் உருவான திசுவின் எச்சங்களில் இக்கட்டிகளும் தோன்றுகின்றன. நம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்கு அப்புற்று குறைவாகவே வருவதால், பல நேரங்களில் தாடைதான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. உள்ளங்கையில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் உள்ளனவா, மார்பு எக்ஸ்ரேயில் விலா எலும்பு பிளவுபட்டுள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. எனவே தங்களையும் பரிசோதிக்க வேண்டும்.

மதுரைவாசி:
நன்றி. அப்படியானால் அடிக்கடி சிடி ஸ்கேன் எடுக்க நேருமா?

மரபியல்_ஆலோசகர்:
இயன்றவரை தவிர்க்க வேண்டும், ஐயா. கதிர்வீச்சு பட்ட இடத்தில் இவர்களுக்குத் தோல் புற்று பெருமளவில் முளைக்கும். கதிரியக்கச் சிகிச்சையை வேறு வழியிருக்கும்வரை நாடுவதேயில்லை. கதிர்வீச்சில்லாத எம்ஆர்ஐ போதுமான இடத்தில் அதையே கேளுங்கள். ஆண்டுக்கொரு ஓபிஜியின் கதிர் அளவு மிகக் குறைவு. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.