தேயிலைத் தொழிற்சாலையின் காபன் கணக்கு அளவுக்கு மீறி வருகிறது: உதவி தேவை

கொழுந்து மடுவம் (டிக்கோயா):
அனைவருக்கும் வணக்கம். சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றின் கணக்குகளை நான் பார்க்கிறேன். எங்களிடம் வாங்கும் கொழும்பு ஏற்றுமதியாளர், தமது ஜெர்மன் வாடிக்கையாளர் கேட்பதாகக் கூறி, பச்சைவீட்டு வாயு வெளியேற்றம் பற்றிய எக்செல் படிவமொன்றை அனுப்பியிருக்கிறார். நிரப்பினால் கிலோவுக்கு 3 கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு வருகிறது. இதை அனுப்பவே முடியாது என்கிறார். பிழை எங்கே? வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்.

பண்டாரவளைக்காரன்:
எந்த ஆண்டுக் கணக்கு, எந்த எரிபொருள் என்று எதையுமே சொல்லவில்லையே. கிலோ என்பது தயாரித்த தேயிலையா, பச்சைக் கொழுந்தா? ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 4.5 கிலோ கொழுந்து போவதால், அது மாறினாலே கணக்கு தலைகீழாகிவிடும்.

மஸ்கெலியா மழை:
ஜெனரேட்டர்தான் காரணம் என்று அடித்துச் சொல்வேன். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு.

பசறை நண்பன்:
ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம் வந்துவிட்டதால், கொழுந்து தரும் ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிட ஆள்கூறுகளையும் முதலில் திரட்டுங்கள்.

கணக்காய்வாளர்:
பசறைத் தம்பி, அச்சட்டத்தின் பட்டியலில் கால்நடை, கொக்கோ, கோப்பி, பாமாயில், இறப்பர், சோயா, மரம் ஆகியவைதான் உள்ளன, தேயிலை இல்லை. வாசித்துவிட்டு எழுதும் வழக்கம் இங்கு எப்போது வருமோ தெரியவில்லை.

கொழுந்து மடுவம்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். தயாரித்த தேயிலைதான். டிரையருக்கு விறகு, ஜெனரேட்டரும் உண்டு. ஆண்டு 2022, அதையே அடிப்படை ஆண்டாக, அதாவது இனிவரும் ஆண்டுகளை ஒப்பிடும் ஆண்டாகப் போட்டேன். விறகைக் கன மீற்றரில் வாங்குகிறோம். அதைக் கிலோவாக்கி, காபனீரொட்சைட்டைக் கணக்கிட்டு, நேரடி வெளியேற்றத்தில் சேர்த்தேன்.

கணக்காய்வாளர்:
இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நிறுவனங்கள் வெளியேற்றத்தைக் கணக்கிடப் பின்பற்றும் சர்வதேசப் பச்சைவீட்டு வாயு நெறிமுறையில் மூன்று வகுப்புகள் (Scope) உண்டு: நேரடி வெளியேற்றம், வாங்கும் மின்சாரம், கொள்வனவு போன்ற ஏனைய மறைமுக வெளியேற்றம். விறகு எரிவதால் வரும் காபனீரொட்சைட்டை இம்மூன்றுக்கும் வெளியே தனி வரியில் காட்ட வேண்டும். விறகிலிருந்து முதலாம் வகுப்பில் சேருவன மீதேனும் நைதரசன் ஒட்சைட்டும் (N₂O) மட்டுமே. டீசல் முழுமையாக முதலாம் வகுப்பு, மின்சார சபைப் பட்டியல் இரண்டாம் வகுப்பு.

மஸ்கெலியா மழை:
அப்படியானால் விறகு பூச்சியம் என்று எழுதிவிடலாமே! வெட்டிய மரம் மீண்டும் வளரத்தானே போகிறது?

பண்டாரவளைக்காரன்:
எங்கே வளர்கிறது, ஐயா? மீண்டும் நடாத சரிவில் வெட்டிய யூக்கலிப்டசும், மறுநடுகைக்காக வெட்டிய இறப்பர் மரமும் ஒன்றாகுமா? தனி வரி என்பது மறைப்பதற்கான வரியன்று.

மஸ்கெலியா மழை:
எரிஎண்ணெய்க்கு மாறினால் மட்டும் வானம் வெளுத்துவிடுமா? சிறு தொழிற்சாலைகளின் வயிற்றில் அடிக்கும் பேச்சு இது.

பண்டாரவளைக்காரன்:
மாறச் சொல்லவில்லை. விறகு எந்த நிலத்திலிருந்து வந்தது என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கச் சொல்கிறேன், அவ்வளவே.

இராகலை ஆசிரியை:
சண்டையைச் சற்று நிறுத்திவிட்டு, கேட்டவருக்கு உதவுவோம். தம்பி, அடிப்படை ஆண்டாக 2022 வேண்டாம். மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்த ஆண்டு அது. ஜெனரேட்டர் ஓடிய அளவும், 2021 உரத் தடைக்குப் பின் வந்த கொழுந்தின் அளவும் வழமையானவையல்ல. அண்மைய வழமையான ஆண்டொன்றை எடுத்து, தெரிவுக்கான காரணத்தையும் எழுதுங்கள்.

விறகின் எடையை ஊகத்தால் போடாமல், அடுத்த லொறியைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். ஜூன் மழையில் நனைந்து தோல் வழுக்கும் கட்டைகளும், கொட்டகையில் காய்ந்தவையும் கன அளவில் ஒன்றாக இருந்தாலும் எடையில் ஒன்றல்ல, எனவே ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்குப் பட்டியலில் உள்ள அலகுகளை, நிலைபெறுதகு வலு அதிகாரசபை வெளியிடும் தேசிய மின்வலையமைப்பு வெளியேற்றக் காரணியால் (ஓர் அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு என்ற எண்) பெருக்கினால் போதும்.

மூன்றாம் வகுப்பில் கொழுந்துதான் பெரிது, அதற்குள் உரம். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன். அதில் 1 வீதம் நைதரசன் ஒட்சைட்டாக வெளியேறுகிறது என்ற பொதுக் கணிப்பின்படி, அந்த வாயுவின் வெப்பமாக்கும் வலிமை மிக அதிகம் என்பதால், அது ஏறத்தாழ 200 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஆனால் சிறுதோட்டக்காரர்களிடம் உரக் கணக்கைத் திரட்ட வெள்ளிக்கிழமை போதாது. சிறு நிறுவனங்கள் தாமாக முன்வந்து அறிக்கையிட ஐரோப்பிய ஆணைக்குழு 2025 ஜூலையில் பரிந்துரைத்த தரநிலையின் அடிப்படைப் பகுதி, முதல் இரண்டு வகுப்புகளை மட்டுமே கேட்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, இப்போதைக்கு அவ்வளவை ஏற்பார்களா என்று ஏற்றுமதியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கணக்காய்வாளர்:
அது ஐரோப்பிய நிறுவனங்களுக்கான தரநிலை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இராகலை ஆசிரியை:
அதனால்தான் கேளுங்கள் என்றேன். உரிமை என்று சொல்லவில்லை.

கொழுந்து மடுவம்:
நன்றி, டீச்சர். ஆண்டை மாற்றி, விறகைத் தனி வரியில் இட்டு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார். உரக் கணக்குக்கு மூன்று மாதத் தவணை தந்திருக்கிறார்.

மஸ்கெலியா மழை:
புதிய கணக்கில் ஜெனரேட்டர் எவ்வளவு வந்தது என்பதைச் சொல்லவேயில்லையே?