கலாசாரக் கைத்தொழிலா, பண்பாட்டுத் தொழில்துறைகளா?

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட கலைச்சொல் பட்டியலில கல்ச்சரல் இண்டஸ்ட்ரீஸ் (படம், பாட்டு, புத்தகம் மாதிரியானதுகளை ஆக்கிப் பரப்பிற தொழில்கள்) எண்டதுக்குக் "கலாசாரக் கைத்தொழில்" எண்டே வைப்பம், அரச ஆவணங்களில இண்டஸ்ட்ரிக்கு அதுதானே கிடக்கு எண்டு ஐயா எழுதியிருந்தீங்கள். உண்மைதான், கைத்தொழில் அமைச்சு, கைத்தொழில் பேட்டை எல்லாம் எங்களுக்குப் பழகின சொல்லுத்தான், ஆனா அதுக்கு முன்னால கலாசாரத்தைப் போட்டவுடன ஆக்களுக்கு மனசில வாறது பனையோலைக் கடகமும் பன்பாயும். கொழும்பு கொட்டாஞ்சேனையில எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒராள் சின்ன ஒலிப்பதிவுக்கூடம் வச்சிருக்கிறார், சுவர் முழுக்க முட்டை மட்டை ஒட்டி, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். உதவித்தொகைப் படிவம் ஒண்டு கொண்டுபோய்க் குடுத்தன், அதில "கலாசாரக் கைத்தொழில்" எண்டு கிடந்த வரியில விரலை வச்சு "இது சட்டி பானை செய்யிற ஆக்களுக்கு அண்ணை" எண்டு திருப்பித் தந்திட்டார். ஒரு சொல்லால ஒரு மனிசருக்கு வரவேண்டியது வராமப் போகுது, அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு.

யுனெஸ்கோ 2005 ஒக்டோபரில பாரிஸில ஏற்றுக்கொண்ட, பண்பாட்டு வெளிப்பாடுகளின்ர பல்வகைமை பற்றின சமவாயத்தில சொல்லுறது என்னெண்டா, படம் பாட்டு புத்தகம் எல்லாம் வெறும் வியாபாரச் சரக்கு இல்லை, அடையாளத்தையும் விழுமியத்தையும் சுமக்கிற பொருள், ஆனபடியா அரசு அதுகளைத் தாங்கிப்பிடிக்கலாம். பிரான்சில சினிமா டிக்கெட்டில எடுக்கிற வரியாலயே படம் எடுக்கக் காசு குடுக்கினம்.

அக்கா சொன்ன "ஆக்கத்தொழில்" வடிவான சொல், ஆனா சமவாயத்தின்ர வரைவிலக்கணத்தில ஆக்கிறதோட பரப்பிறதும் சேர்த்தி. எங்கட வருத்தமே பரப்பிறதிலதானே? இஞ்ச 500 பிரதி அடிச்ச கவிதைப் புத்தகம் வெளியீட்டு விழா அண்டைக்குக் கொஞ்சம் போகும், மிச்சம் பிரெஸ்காரர் கட்டின சணல் கயிறு அவிழாம எழுதினவரின்ர கட்டிலுக்குக் கீழ. எழுபதுகளில இந்தியச் சஞ்சிகைகளின்ர இறக்குமதியைக் கட்டுப்படுத்தின காலத்தில வாசகருக்கு இழப்பு இருந்ததுதான், எண்டாலும் வீரகேசரி பிரசுரம் உள்ளூர் நாவல்களை வரிசையாக் கொண்டுவந்து கடை கடையா வித்ததும் அப்பத்தான். எழுதினவர், அச்சுக்கோத்தவர், ஏஜென்ட், கடைக்காரர் எல்லாரையும் சேர்த்துப் பிடிக்கிற சொல் "துறை".

அதால என்ர முன்மொழிவு "பண்பாட்டுத் தொழில்துறைகள்". தொழிற்றுறை எண்டு புணர்த்தினா படிவம் நிரப்பிற ஆக்கள் இடறுவினம், பிரிச்சே விடுவம். பன்மை கட்டாயம் வேணும், ஏனெண்டா 1944இல ஜெர்மன் மெய்யியலாளர் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் இதே சொல்லை ஒருமையில பாவிச்சது, பண்பாட்டைத் தொழிற்சாலைச் சரக்கு மாதிரி ஆக்கிப்போட்டினம் எண்ட குற்றச்சாட்டா, அது வேற கருத்து.

சமவாயத்தின்ர தலைப்பில வாற டைவர்சிட்டிக்குப் பன்முகத்தன்மையை விடப் பல்வகைமை எனக்குப் பிடிச்சிருக்கு, பள்ளிக்கூடத்தில உயிர்ப்பல்வகைமை படிச்ச பிள்ளைக்கு உடன விளங்கும்.

மறுப்பு இருந்தா ஞாயிற்றுக்கிழமைக்கிடையில எழுதுங்கோ, திங்கள் பட்டியலில ஏத்துவம்.