பாளையங்கோட்டைப் பக்கம் படம் வரைய ஒரு மூலை கிடைக்குமா?

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நான் ஓவியம் படிக்கும் மாணவன். கல்லூரி வளாகத்திலேயே விடுதி, ஓர் அறைக்கு 3 பேர். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் பரவாயில்லை. தொல்லை என் எண்ணெய் வண்ணத்தால்தான்.

குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி வெள்ளம் சூழ்ந்து நிற்பதைப் பெரிய கேன்வாஸில் வரைகிறேன். எண்ணெய் வண்ணம் நீர் வண்ணம் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. அதில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. மேல்பரப்பு காயவே நாள்கணக்காகும். ஐப்பசி மழை வேறு. ஜன்னலைத் திறந்தால் சாரல், சாத்தினால் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் நெடி. அறைத்தோழன் ஒருவனுக்கு ஓயாத தலைவலி, பாவம். அவன் வெள்ளை வேட்டியில் நீலம் பட்ட கதையை இங்கே பேச வேண்டாம்.

எண்ணெய் துடைத்த துணியைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். இது தெரிந்ததும் வார்டன் அறையில் வரையவே கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் டிசம்பருக்குள் படத்தை முடித்தாக வேண்டும்.

முருகன்குறிச்சி, சமாதானபுரம், ஹைகிரவுண்ட் பக்கம் மழை படாத மாடித் தாழ்வாரமோ காலிக் கடையோ இருந்தால் சொல்லுங்கள். சாயங்காலம் 3 மணி நேரம் போதும். மாதம் 1,000 ரூபாய் வரை தர முடியும். பழைய பாயை விரித்துத்தான் வரைவேன், தரையில் கறை படாது.

அப்புறம், டர்பன்டைன் இல்லாமல் பிரஷ்ஷை எதில் கழுவுகிறீர்கள்? சூரியகாந்தி எண்ணெயில் கழுவிப் பார்த்தேன். சோப்பு போட்டும் பிசுக்கு போகவில்லை.