கவுன்சிலர் வீட்டுக் குக்கர்

கொரட்டூர் குமரன்: "விவாகரத்தான மனநல கவுன்சிலர், தம்பதிகளுக்குப் புத்தி சொல்லக் கூடாது" என்று மாம்பலம் மைனர் நேற்று இந்த ஃபோரத்தில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். சொத்தைப் பல் இருக்கும் பல் டாக்டர் அடுத்தவர் பல்லைத் தொடக் கூடாதா?

மாம்பலம் மைனர்: பல்லும் மனசும் ஒன்றா குமரன் சார்? என் கதையைக் கேளுங்கள். போன மாதம் ஆன்லைன் செஷன். அம்மா என்னோடு பேசி ஆறு மாதமாகிறது என்று தொண்டை அடைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கவுன்சிலர் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தவர், "எங்க அம்மாவும் இப்படித்தான், நீங்கதான் விட்டுக்கொடுக்கணும்" என்றார். 1,500 ரூபாய் கொடுத்து அவர் அம்மா கதையைக் கேட்டேன்.

குமரன்: குக்கர் விசில் அடித்தது குற்றமா?

பெசன்ட்நகர் பாரதி: நானும் இதே தொழில்தான். குக்கரை விடுங்கள், அந்த வாக்கியம்தான் தப்பு. நம் வீட்டுச் சுமை எதிரே இருப்பவர் தலையில் இறங்குவதற்கு கவுன்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1910-லேயே எச்சரித்தார். 1950-ல் பவுலா ஹைமான் என்ற உளப்பகுப்பாய்வாளர், நமக்குள் எழும் அந்த உணர்வைக் கவனித்தால் வந்தவரைப் புரிந்துகொள்ளவே உதவும் என்றார். அதைக் கவனித்துச் சொல்லத்தான் எங்களுக்கும் மேலே ஒரு மூத்த கவுன்சிலர், சூப்பர்வைசர்.

மைனர்: பெரிய பெயராக வைத்தால் சரியாகிவிடுமா? அந்த ஃப்ராய்ட்தான் 1918-ல் சொந்த மகள் அன்னாவையே உட்காரவைத்து உளப்பகுப்பாய்வு செய்தார். ஊருக்குத்தான் உபதேசம். என் கேள்வி ஒன்றுதான்: நான் அழும்போது எழுந்து போகலாமா? மூன்று விசில்!

மயிலை மாமி: மூன்று விசிலில் அணைத்தால் துவரம்பருப்பு வேகாதே. அரிசியாக இருக்கும்.

மைனர்: மாமி, பருப்பா அரிசியா என்பதா இங்கே பிரச்சினை?

மாமி: நீதானப்பா விசிலை எண்ணினாய்.

குமரன்: அழுகிறவர் விசிலை எண்ணுவாராம்! ஃபோரத்தின் மெட்ரோ ரயில் திரியில் வாங்கிக்கட்டிக்கொண்ட கோபத்தை இங்கே காட்டுகிறார்.

மைனர்: மெட்ரோ திரியில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார்? ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போடட்டுமா? அப்புறம், விவாகரத்து பற்றிச் சொன்னதிலும் நான் பின்வாங்கவில்லை.

பாரதி: அந்தக் கவுன்சிலர் விவாகரத்தானவரா?

மைனர்: அது எனக்கெப்படித் தெரியும்?

பாரதி: சரி. அம்மா இப்போது பேசுகிறாரா?

மைனர்: இதற்கும் ஃபீஸ் உண்டா மேடம்? மூன்று விசில். நான் எண்ணினேன்.