கடைக்காரர் கணக்கோடு வந்த புது மடிக்கணினி: அப்படியே விடலாமா?

செம்பனைக்காட்டு அக்கா (சுங்கை சிப்புட்):
வணக்கம். மகள் ஆறாம் படிவம் போகிறாள், எஸ்டிபிஎம் தேர்வில் தமிழும் எடுக்கிறாள். ஈப்போவில் ஒரு கடையில் மடிக்கணினி வாங்கினோம், விண்டோஸ் 11 ஹோம். "எல்லாம் போட்டாச்சுக்கா, திறந்து தட்ட வேண்டியதுதான்" என்று கொடுத்தார்கள். வீட்டில் செட்டிங்ஸைத் திறந்தால் யாரோ முன்பின் தெரியாதவர் மின்னஞ்சல் நிற்கிறது. கடைக்குப் போன் போட்டால் "அது ஒன்னும் பண்ணாது" என்கிறார்கள். இதற்கு நடுவே பெரிய அப்டேட் ஒன்று போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தோட்டத்து வீட்டில் ஃபைபர் இல்லை, கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். என்ன செய்வது?

தாப்பாக்காரன்:
அப்டேட் போடாதீங்க, மெதுவாகிடும். நான் இன்னும் விண்டோஸ் 10தான், ஜம்முன்னு ஓடுது.

கோலகங்சார் ரிப்பேர்:
தாப்பா அண்ணே, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்திருந்தால் சரி, இல்லையென்றால் வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள்.

அக்கா, அப்டேட் இருக்கட்டும், முதலில் அந்தக் கணக்கைப் பாருங்கள். இப்போது வரும் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே கோப்புகள் இருக்கும் வட்டு பெரும்பாலும் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதன் சாவி 48 இலக்க எண், அது முதலில் நுழைந்தவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு ஒரு பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை வந்து அந்த எண்ணைக் கேட்டால், கடைக்காரரைத் தேடிப் போக வேண்டியதுதான். அவர் கடையை மூடியிருந்தால் பிள்ளையின் கட்டுரையெல்லாம் போச்சு. "ஒன்னும் பண்ணாது" என்று சொல்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்!

வார்டைத் திறந்து, ஃபைல், அக்கவுண்ட் என்று போய்ப் பாருங்கள். கணினியோடு வரும் ஆபிஸ் உரிமம் முதலில் ஆக்டிவேட் செய்த கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு மாற்ற முடியாது. ஏற்கெனவே அவர் பெயரில் ஆகியிருந்தால் எதையும் அழிக்காமல் ரசீதோடு கடைக்குப் போங்கள்.

செம்பனைக்காட்டு அக்கா:
பார்த்தேன் தம்பி. ஆக்டிவேட் செய்யச் சொல்லித்தான் கேட்கிறது. கணினியில் இன்னும் எதுவும் சேமிக்கவில்லை.

கோலகங்சார் ரிப்பேர்:
நல்லதாப் போச்சு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, அங்கே "ரிசெட் திஸ் பிசி". எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் இரண்டு வழிகளில் "லோக்கல் ரீஇன்ஸ்டால்" போதும், கிளவுட் என்றால் இணையத்திலிருந்து இறக்க நான்கு ஜிபிக்கு மேல் விழுங்கிவிடும். சார்ஜரைச் செருகிவிட்டுக் காலையில் ஆரம்பியுங்கள். சாயங்கால இடி மழையில் பாதியில் கரண்ட் போனால் வம்பு.

ரிசெட் முடிந்து மறுபடி கணக்குக் கேட்கும்போது மகள் பெயரில் திறங்கள். அப்புறம் அதில் நுழைந்து அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் வைக்கும் கோப்பில் வையுங்கள். ஹாட்ஸ்பாட்டை "மீட்டர்ட்" (டேட்டா அளவுள்ள இணைப்பு) என்று குறித்தால் பெரிய அப்டேட் பெரும்பாலும் தானாக இறங்காது. ஆனால் ஐந்து வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள், டவுனில் வைஃபை உள்ள சொந்தக்காரர் வீட்டில் போட்டுவிடுங்கள்.

செம்பனைக்காட்டு அக்கா:
சரி தம்பி, ஞாயிறு காலையில் செய்கிறேன். தமிழ் தட்டத் தனியாக ஏதும் வாங்கணுமா?

கோலகங்சார் ரிப்பேர்:
வேண்டாம். மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகைகளில் தமிழ் 99 இருக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மாறிக்கொள்ளும்.