பாறையில் முள் திரும்பினால் வன்னி அந்தாட்டிக்காவா?

குளக்கட்டான்: நேற்று ஓர் அண்ணை எழுதியிருந்தார். ஓமந்தைப் பக்கம் ஒரு பாறைமேல் திசைகாட்டியை வைத்தாராம், முள் திரும்பியதாம், ஆகவே வன்னி ஒருகாலம் அந்தாட்டிக்காவோடு ஒட்டியிருந்ததாம். ஒட்டியிருந்தது உண்மைதான், அதை முள் சொல்லாது. வெளியில் கிடக்கும் பாறையில் இடி விழுந்தாலே முள் திரும்பும்.

பாலையடி: அந்த அண்ணை நான்தான். என் கண்ணால் கண்டேன். நீர் வந்து பார்த்தீரா?

குளக்கட்டான்: வரத் தேவையில்லை. எரிமலைக் குழம்பு ஆறி 580 பாகை செல்சியஸுக்குக் கீழே வந்ததும் அதிலுள்ள மக்னடைட் என்ற இரும்புக் கனிமம் அன்றைய புவிக்காந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். கல்லைத் துளைத்தெடுக்கும்போதே வடக்கு எது, மேல் எது என்று குறிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் படிப்படியாகச் சூடாக்கி, பிற்காலத்தில் ஏறிய காந்தத்தைக் கழித்தால்தான் பழைய திசை தெரியும். அது நடுக்கோட்டில் கிடையாக இருக்கும், துருவத்தில் செங்குத்தாக நிற்கும். அந்தச் சாய்விலிருந்துதான் கல் அன்று கிடந்த அகலக்கோடு வரும். தக்காணத்து எரிமலைப் பாறைகளை 1950களில் இப்படி அளந்தார்கள். 6.6 கோடி ஆண்டுக்கு முன் அவை தெற்கு அகலக்கோடு ஏறக்குறைய 30 பாகையில் இருந்திருக்கின்றன. வன்னிப் பாறையோ 55 கோடி ஆண்டுக்கு முன்னளவில் 700 பாகை செல்சியஸுக்கு மேல் வெந்தது. அதற்கு முந்திய காந்தம் அதில் மிஞ்சாது.

பாலையடி: பெரிய பிரசங்கம். முள் ஏன் திரும்பியது?

குளக்கட்டான்: இடி.

பாலையடி: இடி விழுந்ததை நீர் கண்டீரா?

நல்லூரான்: எங்கள் சுண்ணக்கல்லில் முள் அசையவே அசையாது. யாழ்ப்பாணத்தில் கல்லும் ஒழுங்கு.

முறிப்பான்: மயோசீன் காலத்துக் கல், நேற்றுப் பிறந்தது. அதுக்கு ஒரு பெருமை! பூநகரியிலும் அதே கல்தான் கிடக்கிறது.

நல்லூரான்: போன மாசம் குளத்துக் கதையிலும் நீர் இப்படித்தான் குறுக்கே வந்தீர்.

பாலையடி: கல்லுச் சண்டையை வேறு இடத்தில் பிடியுங்கள். தம்பி, அந்தாட்டிக்காவுக்குப் பக்கத்தில் இருந்ததை உம்முடைய காந்தம் காட்டியதா?

குளக்கட்டான்: காந்தத்தில் நெட்டாங்கு, அதாவது கிழக்கு மேற்கு இடம், வராது. அந்தாட்டிக்காவிலுள்ள லூட்ஸோ ஹோம் விரிகுடாப் பாறைகளின் வயதும், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வந்த உருமாற்றமும் இலங்கைப் பாறைகளோடு ஒத்துப்போகின்றன. அதை வைத்துத்தான் பொருத்தினார்கள்.

பாலையடி: ஆக உம்முடைய ஆய்வுகூடத்துக் காந்தத்தாலும் தனியே முடியாது. என் முள் மட்டும் குற்றவாளி!

குளக்கட்டான்: அகலக்கோடு வரும் என்றேனே. வாசிக்கவில்லையா?

பாலையடி: வாசித்தேன். முள் திரும்பும் என்று நீரே எழுதியிருக்கிறீர். அது போதும்.

குளக்கட்டான்: இடியால் என்றும் எழுதியிருக்கிறேன் அண்ணை. இடியால்!

பாலையடி: திரும்பியதா, இல்லையா?